கரண்ட் கேள்வி பதில்: நியூட்ரல் கட்டுல இருந்து பேக் ஃபீட் வரைக்கும்

எங்க தெருவுல திடீர்னு பல்பெல்லாம் கண்ணு கூசுற மாதிரி எரிஞ்சுது, கொஞ்ச நேரத்துல டிவி, ஃப்ரிட்ஜ் ரெண்டும் போச்சு. எதிர் வீட்ல மட்டும் லைட் மங்கலா இருந்துச்சாம். லைன்மேன் வந்து "நியூட்ரல் கட் மா"ன்னு சொல்லிட்டு சரி பண்ணிட்டு போயிட்டார். ஒயர் அறுந்தா கரண்ட் தானே போகணும், வோல்டேஜ் எப்படி ஏறும்? (வாசகி, தென்காசி)

நல்ல கேள்வி மா, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இது தெரியாம எத்தனையோ வீட்ல சாமான் எரிஞ்சு போகுது. உங்க தெரு ட்ரான்ஸ்பார்மருக்கு 11,000 வோல்ட் வரும், அது அங்க குறைஞ்சு மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல்னு நாலு கம்பியா வெளிய வரும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட், ஆனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல கிட்டத்தட்ட 400 வோல்ட். தெருவுல இருக்க வீடுகளை மூணு ஃபேஸுக்கும் பிரிச்சுத்தான் குடுத்திருப்பாங்க, எல்லா வீட்டுக்கும் கரண்ட் திரும்பிப் போற வழி அந்த ஒரே நியூட்ரல். அது கம்பத்துலயோ ட்ரான்ஸ்பார்மர் கிட்டயோ அறுந்துச்சுன்னா உங்க வீட்டுக் கரண்ட் எதிர் வீட்டு வழியா புகுந்து அவங்க ஃபேஸுக்குப் போகும். அதாவது ரெண்டு வீடும் சேர்ந்து அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கும், அதுவும் சரிபாதியா இல்ல, லோடு கம்மியா ஓடுற வீட்டுக்குத்தான் வோல்டேஜ் ஜாஸ்தி. அவங்க மோட்டார் போட்டிருப்பாங்க, உங்க வீட்ல டிவியும் ரெண்டு லைட்டும்தான் ஓடியிருக்கும், அதான் அவங்களுக்கு மங்கலு, உங்களுக்கு 300க்கு மேல ஏறியிருக்கும்.

இதுல எம்சிபி (மெயின் போர்டுல தானா விழுற சுவிட்ச்) காப்பாத்தும்னு நினைச்சுடாதீங்க, அது கரண்ட் அளவைத்தான் பாக்கும், வோல்டேஜ பாக்காது. லைட் வழக்கத்துக்கு மாறா பளிச்சுன்னு ஆச்சுன்னா ஒவ்வொரு பிளக்கா பிடுங்கிட்டு நிக்காம நேரா போய் மெயினை ஆஃப் பண்ணுங்க. மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு போன் பண்றப்போ "கரண்ட் சரியில்ல"ன்னு சொல்லாதீங்க, "ஒரு வீட்ல ஹை வோல்டேஜ், பக்கத்துல லோ வோல்டேஜ்"னு சொல்லுங்க, வேலை தெரிஞ்சவங்களுக்கு அதுலயே நியூட்ரல்னு புரிஞ்சிடும். அறுந்து தொங்குற கம்பி நியூட்ரல்தானேன்னு யாரும் தொட்டுறக்கூடாது, அதுல கரண்ட் இருக்கும், ஆளைக் கொல்லும்.

"ஒரு ஃபேஸ் போச்சு"ங்கிறதும் இதுவும் ஒண்ணா? (வாசகர், தாராபுரம்)

இல்லங்க. அது பெரும்பாலும் ட்ரான்ஸ்பார்மர்ல மூணுல ஒரு ஃபியூஸ் போனது, அந்த ஃபேஸ்ல இருக்க வீடுகளுக்கு மட்டும் இருட்டு. அப்போ எல்லாரும் ஒரே நேரத்துல இன்னொரு ஃபேஸுக்கு மாத்திக்கிட்டா அந்த ஃபியூஸும் லோடு தாங்காம போயிடும். தோட்டத்துல த்ரீ ஃபேஸ் மோட்டார் வச்சிருந்தா ஒரு ஃபேஸ் போனா மோட்டாரைத் தானா நிறுத்துற சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் கட்டாயம் வேணும், ரெண்டு ஃபேஸ்ல ஓடுற மோட்டார் காயில் கருகிடும்.

யூனிட், கிலோவாட், கேவிஏ மூணையும் போட்டு குழப்புறாங்க. (வாசகி, புதுச்சேரி)

கிலோவாட்ங்கிறது ஒரு நேரத்துல எவ்ளோ இழுக்குதுங்கிறது, யூனிட்ங்கிறது எவ்ளோ நேரம் இழுத்துச்சுன்னு சேர்த்த கணக்கு. 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், அவ்ளோதான். கேவிஏ இன்வெர்ட்டர்லயும் ட்ரான்ஸ்பார்மர்லயும் எழுதியிருக்கும், அதை பவர் ஃபேக்டரால (அதுல நிஜமா வேலைக்கு ஆகுற பங்கு) பெருக்கினாத்தான் வாட்டு வரும், 850 விஏ இன்வெர்ட்டர்ல பவர் ஃபேக்டர் 0.8ன்னா 680 வாட்டுக்கு மேல போடாதீங்க.

கிரிட் ஃப்ரீக்வென்சி குறைஞ்சுதுன்னு செய்தியில சொல்றாங்க, அது குறைஞ்சா என்ன ஆகும்? (வாசகர், மதுரை)

கிரிட்ங்கிறது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கிற கம்பி வலை, ஃப்ரீக்வென்சிங்கிறது அதுல கரண்ட் ஒரு நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் ஆடுதுங்கிற கணக்கு. நம்ம நாட்ல 50 ஹெர்ட்ஸ், 49.90ல இருந்து 50.05க்குள்ள வச்சுக்கணும்னு விதி. மின்சாரத்தை மூட்டையில கட்டி வைக்கிற மாதிரி பெரிய அளவுல சேத்து வைக்க வழி கம்மி, அந்தந்த நொடியில எவ்ளோ செலவோ அவ்ளோ உற்பத்தி ஆகணும். நாடு முழுக்க இருக்க பெரிய ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வேகத்துல சேர்ந்து சுத்துது, செலவு ஏறினா எல்லாமே கொஞ்சம் மெதுவாகும், அதுதான் ஃப்ரீக்வென்சி குறையுறது. ரொம்ப குறைஞ்சா ரிலேங்கிற காவல் கருவி தானாவே சில ஃபீடரை, அதாவது ஊருக்குப் போற லைனை, துண்டிச்சு மத்ததைக் காப்பாத்தும். அந்தக் கட்டுப்பாடு கைமீறினாதான் பிளாக் அவுட்.

2012 ஜூலை 30, 31 ரெண்டு நாளும் அது நடந்துச்சு. பீனா-குவாலியர் 400 கேவி லைன் லோடு தாங்காம ட்ரிப் ஆக, ஒண்ணு பின்னாடி ஒண்ணா விழுந்து, ரெண்டாவது நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணு கிரிட்டும் இருட்டாச்சு. தெற்கு தப்பிச்சதுக்குக் காரணம், அப்போ நம்ம கிரிட் அவங்களோட ஏசி லைன்ல இணையல, டிசி லைன் வழியாத்தான் கரண்ட் வந்துச்சு, அதனால அவங்க ஃப்ரீக்வென்சி ஆட்டம் நம்மளைத் தொடல. அப்புறம் 2013 டிசம்பர் 31 அன்னிக்கு ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வந்து நாமளும் சேர்ந்தோம், இப்போ காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே துடிப்பு.

செலவு திடீர்னு குறைஞ்சாலும் இதே ஆபத்துதான். 2020 ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் லைட் அணைச்சோமே, அப்போ சுமார் 31,000 மெகாவாட் இறங்குச்சு, எதிர்பார்த்தது அதுல பாதிகூட இல்ல! நீர்மின் நிலையங்களை முன்னாடியே நல்லா ஓட்டி வச்சிருந்து சட்டுனு குறைச்சு, லைட் வந்ததும் திரும்ப ஏத்தி சமாளிச்சாங்க. அனல்மின் நிலையத்தால அந்த வேகத்துக்கு முடியாது. அன்னிக்கு கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருந்தவங்க பேர் நமக்குத் தெரியாது, ஆனா நாடு முழுக்க கடன்பட்டிருக்கு.

மொட்டை மாடியில சோலார் போட்டேன், ஈபி கரண்ட் போனா இதுவும் நின்னுடுது, வெயில் கொளுத்துது! ஏமாத்திட்டாங்களா? (வாசகர், கரூர்)

ஏமாத்தலங்க, அது அப்படித்தான் இருக்கணும். கிரிட்ல சேர்ற இன்வெர்ட்டர் லைன் செத்தா தானும் நிக்கணும், அதுக்கு ஆன்டி ஐலேண்டிங்னு பேரு. நிக்கலன்னா உங்க கரண்ட் லைனுக்குப் போய், ட்ரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறி 230 வோல்ட் 11,000 ஆகிடும், அந்தப் பக்கம் ஷட் டவுன் எடுத்துட்டு கம்பத்துல ஏறியிருக்கவர் கையில அது. இதுக்குப் பேர்தான் பேக் ஃபீட். பவர் போனாலும் வீட்டுக்கு வேணும்னா பேட்டரியோட ஹைபிரிட் இன்வெர்ட்டர் போடணும்.

சோலாரை விட எனக்கு பயம் டீசல் ஜெனரேட்டர்தான். கடையிலயும் கல்யாண மண்டபத்துலயும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம ஒயரை நேரா மெயின்ல சொருகிடுறாங்க, மெயினை ஆஃப் பண்ண ஒருத்தர் மறந்தா போதும், ஒரு லைன்மேன் குடும்பம் தெருவுக்கு வந்துடும். உங்க கிட்ட ஜெனரேட்டர் இருந்தா, ஒரு நேரத்துல ஈபி இல்ல ஜெனரேட்டர், ரெண்டுல ஒண்ணுதான் இணையுற மாதிரி, நியூட்ரலையும் சேர்த்து மாத்துற சேஞ்ச் ஓவர் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சு இந்த வாரமே பாத்துடுங்க.