குழந்தைகளின் சர்க்கரை நோய்: வாசகர் கேள்விகள்

? பிரிட்டனில் முதல் வகை சர்க்கரை நோயுள்ள (உடலில் இன்சுலின் சுரக்காத) பிள்ளைகள் கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் அதே நோய் வந்த பலர் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லையாமே! இன்சுலின் விலைதான் காரணமா?

விலையும் காரணம்தான். ஆனால் பல பிள்ளைகள் இன்சுலின் வரை வந்து சேர்வதே இல்லை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் இளைப்பு என்று தொடங்கி, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று முற்றும். கிராமச் சுகாதார நிலையத்தில் இதை மலேரியா என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ எடுத்துக்கொண்டால் ஓரிரு நாளில் கைமீறிவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். அந்த ரத்தத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரிப் என்ற சின்னப் பட்டைதான் அங்கே இருக்காது.

பிழைத்த பிள்ளைக்கும் ஸ்ட்ரிப்தான் தலைவலி. நாளைக்கு ஆறு முறையாவது பார்க்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஸ்ட்ரிப்பைச் செருகினால் சர்க்கரை அளவைக் காட்டும் மீட்டர் நன்கொடையாக வந்துவிடும். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் ஆகாதே! கையிருப்பு தீர்ந்ததும் அது வெறும் பிளாஸ்டிக். அளவு தெரியாத நிலையில், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடுமோ என்று பயந்து வீட்டார் ஊசியைக் குறைக்கிறார்கள். வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியே கிடக்க, கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன.

? ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது?

திறக்காத குப்பியை நெடுநாள் வைக்க 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்த குப்பிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. கென்யாவின் தாதாப் அகதி முகாம் வீடுகளில் வெப்பத்தை அளந்து, அதேபோல 25 முதல் 37 டிகிரிவரை ஏற்றி இறக்கி ஆய்வகத்தில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்ததற்கும் இதற்கும் வீரியத்தில் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஊசிக்காகத் தினமும் மருத்துவமனைக்கு நடக்கும் பிள்ளைக்கு, குப்பியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது சின்ன விஷயமா?

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண்பானை, நடுவே ஈரமணல், உள்ளே மூடிய டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. வறண்ட ஊரில் நன்றாகக் குளிரும். புழுக்கமான கடலோரத்தில் அவ்வளவாகக் குளிராது. ஐஸ் மீது வைக்கவே வேண்டாம், உறைந்த இன்சுலின் வீண்.

? லண்டன் உறவினர் அனுப்பிய சிரிஞ்சை இங்குள்ள குப்பிக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. இந்தியக் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அங்கே 100. ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் குழந்தைக்குப் போவது 4 யூனிட்தான். தலைகீழாகச் செய்வது இன்னும் ஆபத்து: மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலின் பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் 25 யூனிட் ஏறிவிடும். குப்பியின் லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.