ரூட் ரீடிஸ்ட்ரிபியூஷன்: கேள்வி பதில்

(ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி, ரிப், பிஜிபி: ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ரூட்டிங் புரோட்டோகால்கள். ஒன்று கற்ற ரூட்டை இன்னொன்றுக்குள் விடுவதுதான் ரீடிஸ்ட்ரிபியூஷன்.)

கே: ஓஎஸ்பிஎஃப் ரூட்களை ஈஐஜிஆர்பிக்குள் விட்டேன். அந்தப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. சிஸ்கோ ரவுட்டர்.

ப: மெட்ரிக் (வழியின் ‘செலவை’ச் சொல்லும் எண்) கொடுத்திருக்க மாட்டீர்கள். கொடுக்காவிட்டால் எட்டாத ரூட் என்று ஈஐஜிஆர்பி தள்ளிவிடும். ரீடிஸ்ட்ரிபியூட் வரியின் கடைசியில் ‘மெட்ரிக் 10000 100 255 1 1500’ (பேண்ட்வித், டிலே, ரிலயபிலிட்டி, லோடு, எம்டியு) சேருங்கள். ஸ்டாட்டிக், கனெக்டெட் ரூட்களுக்கு இது வேண்டாம்.

கே: ஈஐஜிஆர்பியின் 172.16.5.0/24 மட்டும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகவில்லை.

ப: ரீடிஸ்ட்ரிபியூட் வரியில் ‘சப்நெட்ஸ்’ என்ற சொல் விட்டுப்போயிருக்கும். பழைய ஐஓஎஸ்-இல் (சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருள்) அது இல்லாமல் கிளாஸ்ஃபுல் நெட்வொர்க் (சப்நெட்டாகப் பிரிக்காத முழு நெட்வொர்க்) மட்டுமே போகும்.

கே: ஆர்1, ஆர்2 இரண்டிலும் இருபக்க ரீடிஸ்ட்ரிபியூஷன். ஈஐஜிஆர்பி எக்ஸ்டர்னல் ரூட் (வெளியிலிருந்து ஈஐஜிஆர்பிக்குள் விடப்பட்டது) ஒன்றுக்கு ட்ரேஸ்ரூட் போட்டால் இரண்டுக்கும் நடுவே சுற்றுகிறது.

ப: எதிர்பார்த்ததுதான். ஈஐஜிஆர்பி எக்ஸ்டர்னலுக்கு டிஸ்டன்ஸ் (எந்தப் புரோட்டோகாலை நம்புவது என்ற எண், குறைந்தது ஜெயிக்கும்) 170, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. ஆர்1 அந்த ரூட்டை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டதும் ஆர்2 அதையே நம்பி, திரும்ப ஈஐஜிஆர்பிக்குள் ஊட்டுகிறது. அந்த மெட்ரிக் அசலைவிடக் குறைவாக இருந்தால் ஆர்1-உம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

டேக் (ரூட்டோடு ஒட்டிப் போகும் அடையாள எண்) போடுங்கள். ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போது ‘செட் டேக் 90’. அங்கிருந்து ஈஐஜிஆர்பிக்கு எடுக்கும் ரூட்-மேப்பில் (ரூட்களை வடிகட்டும் விதிப் பட்டியல்) ‘டினை 10’, அதனுள் ‘மேட்ச் டேக் 90’. அடுத்து வெறும் ‘பெர்மிட் 20’. இந்தப் பெர்மிட்டை மறந்தால் எல்லா ரூட்டும் போச்சு. எதிர்த்திசைக்கு வேறு எண், உதாரணமாக 110. இரண்டு ரவுட்டரிலும் செய்யுங்கள்.

கே: டேக் எதற்கு? இரண்டிலும் ‘டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 171’ போதுமே.

ப: போதாது. ஓஎஸ்பிஎஃப்பின் சொந்த எக்ஸ்டர்னல் ரூட்களும் 171 ஆகிவிடும். ஆர்1 அவற்றை ஈஐஜிஆர்பிக்குள் விட்டால் ஆர்2-க்கு 170-இல் வரும். அதே லூப், திசை மட்டும் வேறு.

கே: எங்கள் ஓஎஸ்பிஎஃப்பில் எக்ஸ்டர்னலே கிடையாதே!

ப: இன்று கிடையாது. நாளைக்கு யாராவது ஃபயர்வாலுக்கு ஒரு ஸ்டாட்டிக்கை உள்ளே விடுவார். ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: டேக் லூப்பைத் தடுக்கும், சுற்றுவழியைத் தடுக்காது. ஆர்2 இன்னமும் ஆர்1 வழியாகத்தான் போகும். அதற்கு ஓஎஸ்பிஎஃப்பில் ‘டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் ரூட்-மேப் … இன்’ போட்டு டேக் 90-ஐ ஒதுக்கலாம். ஆர்2-இன் ஈஐஜிஆர்பி லிங்க் விழுந்தால் மாற்றுவழி இருக்காது, அதையும் யோசியுங்கள். டிஸ்டன்ஸை மாற்றியே ஆக வேண்டுமென்றால் மாற்றுங்கள், டேக்கோடு சேர்த்து.

கே: ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ரிப்புக்கு ஒன்றும் போகவில்லை.

ப: மெட்ரிக். முதல் பதில். ரிப்புக்கு ஒரே எண். 16 என்றால் எட்டாது, 3 மாதிரி சின்னதாகக் கொடுங்கள். இரண்டு ரவுட்டர் என்றால் டேக்.

கே: ஈஐஜிஆர்பியில் ரூட் வரவில்லை, ஏன்?

ப: மேலே படியுங்கள். அதற்கு முன் ‘ஷோ ஐபி ரூட்’ பாருங்கள். அந்த ரவுட்டரின் டேபிளிலேயே ஓஎஸ்பிஎஃப் ரூட்டாக இல்லாதது ரீடிஸ்ட்ரிபியூட் ஆகாது (ஓஎஸ்பிஎஃப் ஓடும் கனெக்டெட் நெட்வொர்க் மட்டும் விதிவிலக்கு).

கே: பிஜிபி முழு டேபிளையும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடலாமா?

ப: கூடாது. ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ போதும், அது ஒரே ஒரு டிஃபால்ட் ரூட்டை மட்டும் விடும்.