டி.என்.ஏ.யைத் தானாக மடியவைத்து நனோ ஒளியியல் உறுப்பு செய்வதை, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுக்கலாமா?

எடுக்கலாம். வந்தாறுமூலையோ சம்மாந்துறையோ, ஒரு பி.சி.ஆர். மெஷின், ஜெல் தொட்டி, சென்ரிபியூஜ், மைனஸ் 20 பாகை பிறீசர் இருந்தால் ஒரு டி.என்.ஏ. தகட்டின் மேல் இரண்டு தங்கத் துணிக்கைகளை நிறுத்துவது வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 2024இல் வெளியான, சில அலைநீள ஒளியை உள்ளே விடாத வைர அமைப்பு ஒளிப் பளிங்குக்கு, டி.என்.ஏ. சட்டகத்தின் மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டை அணுப்படலமாகப் படியவைக்க வேண்டியிருந்தது. ஒரு வருடத்தில் முடிகிற வேலையல்ல அது.

கட்புல ஒளியை டி.என்.ஏ. பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒளியோடு வேலை செய்வது தங்கம். அதைச் சரியான இடத்தில் பிடித்து வைப்பதுதான் டி.என்.ஏ.யின் வேலை. இரட்டைச் சுருள் 2 நனோமீற்றர் தடிப்பு, ஒரு காரச் சோடிக்கு 0.34 நனோமீற்றர் நீளம். அதனால்தான் இவ்வளவு துல்லியம் கிடைக்கிறது. 2012இல் 100 நனோமீற்றர் தங்கச் சோடி ஒன்றின் இடைவெளியில் ஒளிர்சாயத்தை வைத்து, அதன் ஒளிர்வை 117 மடங்கு வரை கூட்டிக் காட்டினார்கள்.

தகட்டுக்கு 2006இல் போல் ரொத்மண்ட் காட்டிய செவ்வகமே போதும். எம்13எம்பி18 என்ற 7249 நியூக்கிளியோட்டைட்டு நீளமான தனியிழை, அதை மடித்துப் பிடிக்கும் 200 சொச்சம் குறும் இழைகள். குறும் இழைகளை உலர்ந்த நிலையில் அனுப்பச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வரும் வழியில் வெயிலைத் தாங்கும். 100 மைக்ரோமோலரில் கரைத்து, 200 இழைகளையும் சம கனவளவில் கலந்தால் ஒவ்வொன்றும் 500 நனோமோலர். 50 மைக்ரோலீற்றர் தாக்கத்துக்கு இந்தக் கலவை 10, 100 நனோமோலர் நீளிழை 5, பத்து மடங்கு தாங்கற்கரைசல் 5 (அதில் மக்னீசியம் குளோரைட்டு 125 மில்லிமோலர்), மீதி 30 நியூக்கிளியேஸ் (டி.என்.ஏ.யை வெட்டும் நொதியம்) அற்ற நீர். கிணற்று நீரை வடித்து எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 70 பாகைக்குச் சூடாக்கி, இரண்டு மணித்தியாலத்தில் 20 பாகைக்கு இறக்குங்கள். இடையில் கரண்ட் போனால் பதற வேண்டாம்; மறுபடி 70இலிருந்து தொடங்கினால் சரி. செவ்வகங்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சங்கிலியாகும். விளிம்பு இழைகளை விட்டுவிட்டால் அது பெரும்பாலும் நிற்கும்.

உண்மையான கஷ்டம் தங்கத்தில்தான். தகடு குலையாமலிருக்க மக்னீசியம் வேண்டும். ஆனால் சித்திரேற்றுப் பூசிய தங்கத்தின் மறையேற்றத்தை அதே மக்னீசியம் மறைத்துவிட, துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஆகவே முதலில் தங்கத்தை டி.என்.ஏ.யால் நெருக்கமாகப் போர்த்த வேண்டும். 10 நனோமீற்றர் துணிக்கை ஒன்றுக்கு 300 என்ற கணக்கில், தங்கத்தில் ஒட்டும் தயோல் (கந்தக) முனையுள்ள 'ரீ' இழைகளை, அதாவது தைமீன் மட்டும் தொடரும் இழைகளை, சேர்த்து, மைனஸ் 20இல் இரண்டு மணித்தியாலம் உறையவிட்டு எடுங்கள். பனிக்கட்டி உருவாகும்போது உப்பும் இழையும் துணிக்கையும் மிஞ்சும் திரவத்தில் நெருக்கப்படுவதால் போர்வை அடர்த்தியாகும். உருகிய பின் சிவப்பாகவே இருந்தால் நல்லது. ஊதாவாக மாறினால் இழை போதவில்லை. அந்தக் குழாயைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து, சேராத இழைகளைச் சென்ரிபியூஜில் மூன்று நான்கு தரம் கழுவி அகற்ற வேண்டும். அதில் சோம்பல் பட்டால், மிஞ்சிய இழைகள் தகட்டில் தங்கத்துக்காக விட்ட 'ஏ' கைப்பிடிகளை ('ரீ'யோடு சோடி சேரும் அடினீன் நீட்டங்கள்) முந்திப் பிடித்துவிடும். தகட்டை மடித்தபோது எஞ்சிய, 'ஏ' நீட்டமுள்ள குறும் இழைகளும் அதேபோல் தங்கத்தின் மேல் போய் ஒட்டும். ஆகவே தகட்டையும், சிறு இழைகளை வெளியேவிட்டுத் தகட்டைப் பிடித்துவைக்கும் 100 கிலோடால்டன் வடியில் கழுவியே ஆகவேண்டும். இரண்டு கைப்பிடி இடங்களுக்கும் நடுவே 10 நனோமீற்றர்தான் விட்டால் ஒரே துணிக்கை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். 25 முதல் 30 வரை விடுங்கள்.

சோதிக்க 1 சதவீத அகரோஸ் ஜெல், தாங்கற்கரைசலில் 11 மில்லிமோலர் மக்னீசியம், 70 வோல்ற்று. மக்னீசியத்தால் மின்னோட்டம் கூடி ஜெல் சூடாகும். நம்மூர் வெப்பத்தில் இது சும்மா விடக்கூடிய விஷயமல்ல. தொட்டியைச் சுற்றி ஐஸ் போடுங்கள். மீன்வாடி ஐஸ் என்றாலும் பரவாயில்லை, உள்ளே மட்டும் விழக்கூடாது. சாயம் எதுவுமில்லாமலே கண்ணுக்குத் தெரியும்: முன்னால் ஓடும் அகலமான சிவப்புப் பட்டை தனித் தங்கம், அதற்குப் பின்னால் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாக நிற்பது தகட்டோடு சேர்ந்தது. மாதிரி இட்ட ஜெல் குழியிலேயே கருநீலமாக நின்றால் திரண்டுவிட்டது.

தங்கம் ஒளியை உறிஞ்சும் நிறமாலையில் உச்சம் நகரும் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். இந்த அளவுக்கும் இடைவெளிக்கும் உச்சம் 520 நனோமீற்றரை ஒட்டியே நிற்கும். நன்றாக நகர்ந்திருந்தால் அது வெற்றியல்ல, திரள்வு. சோடி சேர்ந்ததற்குச் சாட்சி இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம்தான். மாதிரியைத் திரவமாகக் கொழும்புக்குக் கொண்டு ஓட வேண்டாம். நுணுக்குக்காட்டிக்கான காபன் பூசிய சிறு வலையில் 5 மைக்ரோலீற்றர் இட்டு, இரண்டு நிமிடத்தில் ஒற்றியெடுத்து, உப்புப் படியாமல் ஒரு துளி நீரில் கழுவி, உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு அனுப்புங்கள். தங்கம் தானாகவே கறுப்பாகத் தெரியும், சாயமேற்றத் தேவையில்லை. மார்கழி மழைக்குள் அனுப்புவதென்றால் சிலிக்காவை இரட்டிப்பாக வையுங்கள்.