தறி கல்லூரியில், மாணவி குமாரபாளையத்தில்: வடிவமைப்பு மாணவர்களுக்கான கேள்வி-பதில்

(செப்டம்பர் 2020. பதில் அளிப்பவர்: துணி வடிவமைப்புப் பேராசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

துணி வடிவமைப்பு இறுதியாண்டு படிக்கிறேன். கொரோனாவால் மார்ச் 17-ல் கல்லூரியை மூடியபோது, இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நெய்துகொண்டிருந்த துணியைத் தறியிலேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த மாதக் கடைசியில் ஜூமில் ஜூரி, அதாவது தேர்வாளர் குழுவுக்கு புராஜெக்டைக் காட்டும் இறுதி மதிப்பீடு. கணினியில் வரைந்து காட்டினால் போதும் என்கிறார் கைடு. என்னிடம் நோட்டும் நான்கு மாதிரித் துண்டுகளும்தான் இருக்கின்றன. என்ன செய்வது மேடம்?
- வாசகி, குமாரபாளையம்

கணினிப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கட்டம், கோடு, நிறம் எல்லாம் அதில் தெரியும். ஆனால் துணி தோளில் எப்படி விழும், ஒரு துவைப்புக்கு எவ்வளவு சுருங்கும், கசக்கினால் எப்படி மீளும் என்பதைப் படம் சொல்லாது. நீங்கள் வருடக்கணக்கில் படித்தது அதைத்தானே.

நீங்கள் இருப்பது குமாரபாளையம். தெருவுக்குத் தெரு விசைத்தறி. ஆனால் அங்கே போய் மாதிரிக்காக ஒரு முழம் ஓட்டித் தரச் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏற்றிய பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும். உங்களுக்காக அதை மாற்றினால், மாதக்கணக்கில் தறி நின்று இப்போதுதான் கூலி பார்ப்பவருக்கு நஷ்டம். கேட்க வேண்டியது வேறு: பாவு தீரும்போது தறியில் மிஞ்சும் நூல், சிட்டத்தில் (நூல் கட்டில்) மிஞ்சிய நூல். அதைக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஒரு பழைய மரச்சட்டம் எடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் ஆணி அடித்து, பாவை அதில் மாட்டிக் கையால் நெய்யலாம். உங்கள் துணி 40-ஆம் நம்பர் நூல், அங்குலத்துக்கு 60 பாவு இழை என்று வைத்துக்கொள்வோம். ஆணிச் சட்டத்தில் அது நடக்காது. ஆனால் 16 இழைகளைச் சேர்த்து முறுக்கினால் நூலின் குறுக்குப் பரப்பு 16 மடங்காகும், விட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அங்குலத்துக்கு 15 இழை போதும். ஓர் ஆணி இரண்டு இழையைத் தாங்கும் என்பதால் அங்குலத்துக்கு ஏழெட்டு ஆணி, இரண்டு வரிசையாக முன்னும் பின்னும் தள்ளி அடித்தால் மரம் பிளக்காது. நெசவின் அமைப்பு அப்படியே இருக்கும், நான்கு மடங்கு பெரிதாக. ஊடை (குறுக்கே போகும் நூல்) எங்கே மேலே போகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்பதை ஜூரியில் இருப்பவர் வெறும் கண்ணால் பார்க்கலாம். கல்லூரித் தறியில் நெய்த துணியில்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

இதை அசல் துணி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இது அமைப்பைக் காட்டும் பெரிய மாதிரி, இந்தச் சிறு துண்டு அசல் நெசவு, தறியில் நின்றுபோன இடம் இது" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கல்லூரிக்கு வந்துபோகும் ஊழியர் யாராவது இருந்தால், தறியை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பாதியில் நிற்கும் அந்தப் பாவின் படம் உங்கள் போர்ட்ஃபோலியோவில் முழுப் பக்கம் வர வேண்டும்.

முக்கியமான ஒன்று. உங்கள் நான்கு துண்டுகளிலிருந்தும் விரலகலம் வெட்டி, அட்டையில் ஒட்டி, ஜூரியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஜூரிக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பேசும்போது, "உறையைப் பிரித்து மூன்றாவது துண்டைத் தொட்டுப் பாருங்கள்" என்று சொல்லலாம். துணியைத் தொடாமல் மதிப்பெண் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. போட்டோவுக்குக் காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் நல்லது. இழைகளின் மேடுபள்ளம் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் வைத்து எடுங்கள். ஒவ்வொரு திரையிலும் நிறம் ஒவ்வொரு மாதிரி தெரியும். வெள்ளை எது என்று தெரிந்தால்தான் பார்ப்பவர் கணக்குப் போட முடியும்.

நான் கிராஃபிக் டிசைன் மாணவன். விமான நிலையத்துக்கான வழிகாட்டிப் பலகைகள்தான் என் புராஜெக்ட். இப்போது அங்கே போக முடியாது. கூகுள் ஃபார்மில் ஐம்பது பேரிடம் கருத்துக் கேட்டு முடித்துவிடலாமா?
- வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். பலகையை நின்று பார்க்காதவரிடம் படிவத்தில் என்ன கேட்பீர்கள்? கைடிடம் பேசி இடத்தை மாற்றுங்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் போதும். அங்கே வழி தெரியாமல் தடுமாறுபவர்களின் சிரமம் விமானப் பயணியின் சிரமத்துக்குக் குறைந்ததல்ல. கூட்டமில்லாத நேரத்தில் முகக்கவசத்தோடு ஒருமுறை போய் அளந்து, படம் எடுத்து வந்தால் மிச்ச வேலையை மொட்டை மாடியில் செய்யலாம்.

பலகையை உண்மையான அளவில் ஏ4 தாள்களாக அச்சிட்டு ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். ஆங்கில எழுத்து 25 மி.மீ. உயரம் இருந்தால் 3 மீட்டரிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் உள்ள நடைமுறைக் கணக்கு. தமிழுக்கு அதை அப்படியே எடுக்காதீர்கள். ண, ன இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு சுழிதான். தடித்த எழுத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சுழி அடைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பெரியவர்களை மாடியில் நிறுத்தி, எத்தனை மீட்டரில் தடுமாறுகிறார்கள் என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆறேழு பேரிடம் இப்படி அளந்தது ஐம்பது படிவத்தைவிட மேல் என்று நான் எந்த ஜூரியிலும் வாதாடுவேன்.

மகள் செராமிக் படிக்கிறாள். ஸ்டோன்வேர் (சுட்டால் கல் போல் இறுகும் வகை) களிமண் வாங்கிக் கொடுத்தேன், வீட்டிலேயே பாத்திரங்கள் செய்கிறாள். கல்லூரி மூடியிருக்கிறது, அங்குள்ள சூளை இல்லாமல் என்ன செய்வாள்? இப்போதே முடிக்கட்டுமா, தள்ளிப்போடலாமா?
- ஒரு தந்தை, மானாமதுரை

மற்றவர்களுக்கு நான் முடித்துவிடுங்கள் என்பேன். உங்கள் மகளுக்கு, வழி இருந்தால், தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஸ்டோன்வேர் மண்ணும் அதன் மேல் பூசும் மெருகும் பக்குவமாக 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். உங்கள் ஊர் மண்பாண்டச் சூளைகள் அருமையானவை, ஆனால் அந்தச் சூட்டுக்குப் போகாது. சுடாத மண் வெறும் மண்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இறுதித் தேர்வுகளை செப்டம்பர் இறுதிக்குள் நேரடியாகவோ, இணையவழியிலோ, இரண்டும் கலந்தோ நடத்தச் சொல்லியிருக்கிறது. எழுத முடியாதவர்களுக்குப் பின்னால் தனித் தேர்வு நடத்தவும் அதில் இடம் உண்டு. தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை என்று ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே தனித் தேர்வு முறையில், சூளை திறந்தபின் சமர்ப்பிக்க அனுமதி கேட்டு மகள் கையெழுத்தோடு கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் "பார்த்துக்கலாம்" என்றால் விட்டுவிடாதீர்கள். புது செமஸ்டர் கட்டணம் கேட்பார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அவள் செய்யும் பாத்திரங்களை நிழலில் மெதுவாகக் காயவிட்டு, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகும் அளவுக்குச் சிறிதாகவே செய்யட்டும்.