வேகனுக்கு டோபார் போடுமுன் முன்பாரத்தைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். எங்கள் ஸ்டேஷன் வேகனுக்கு டோபார் (டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்) போட்டு, 1400 கிலோ கேம்பர் டிரெய்லர் (விரித்தால் தங்கும் கூடாரமாகும் டிரெய்லர்) ஒன்றை இழுக்கலாம் என்று திட்டம். வீட்டில் ஐந்து பேர். டோபார் விற்பவர் 2000 கிலோ தாங்கும் என்கிறார். நானே மாட்டலாமா? பாதுகாப்பாக இழுக்க எதைக் கவனிக்க வேண்டும்?

நானும் மெல்பர்னில்தான் இருக்கிறேன். 2.5 லிட்டர் சுபாரு அவுட்பேக். ஆறு வருடமாக அதில் டோபார் போட்டு, மண், விறகு, நண்பர்களின் வீட்டுச் சாமான் என்று எல்லாம் இழுத்திருக்கிறேன். அதில் ஒரு நாள் உயிர் போய் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 2000 கிலோவை மறந்துவிடுங்கள். அது அந்த இரும்பு தாங்கும் எடை. உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது கார் கையேட்டில்தான் இருக்கும். என் வண்டியில் டோ பால் என்கிற இரும்பு உருண்டையில் 3500 என்று பொறித்திருக்கிறது. டோபாரின் தகட்டில் 1800. கார் கையேட்டில் 1500. ஆக, எனக்கு 1500தான். உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லரின் கப்ளிங், சங்கிலி, சங்கிலியை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு எண் இருக்கும். இருப்பதிலேயே சிறிய எண் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. எனக்கு டோபார் மாட்டிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். நானும் உங்களைப் போலவே பெரிய எண்ணைச் சொல்லிக்கொண்டு அவரிடம் போனேன். "தம்பி, இரும்பு தாங்கும். கார் தாங்குமோ எண்டு பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கையேட்டை எடுத்து வரச் சொன்னார்.

கையேட்டில் இரண்டாவதாக ஒரு எண் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. டிரெய்லரின் முன்பகுதி உருண்டையின் மேல் எவ்வளவு எடையை அழுத்தலாம் என்ற எண் அது. இங்கே பால் வெயிட் என்பார்கள். நம் ஊரில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: முன்பாரம். என் தாத்தா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது, ஒவ்வொரு வரிசை அடுக்கியதும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். காரும் டிரெய்லரும் சேர்ந்தால் அதே கணக்குதான். வேகம் மட்டும் 100 கிலோமீட்டர்.

அந்த வேகத்தில் பின்பாரம் என்ன செய்யும் என்பதை நான் பிரின்சஸ் ஃப்ரீவேயில் பார்த்தேன். ஃபுட்ஸ்கிரேயிலிருந்து ஜீலாங்குக்கு ஒரு நண்பர் வீடு மாற்றினார். வாடகை டிரெய்லர், ஒற்றை அச்சு. மெத்தை, துணிப் பைகள் எல்லாவற்றையும் முதலில் உள்ளே தள்ளிவிட்டோம். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் இறக்குவதற்கு வசதி என்று கடைசியில், கதவுப் பக்கம். மொத்த எடை அனுமதிக்குள்தான் இருந்தது. வெரிபி தாண்டி லிட்டில் ரிவர் பக்கம் வரும்போது இரண்டு பக்கமும் வெட்டவெளி, நல்ல காற்று. ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. டிரெய்லர் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது. அப்புறம் அதைவிடப் பெரிதாக ஒன்று. மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பக்கமே இழுபட்டது. நான் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் மோசமானது. பின் சீட்டில் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எப்படியோ காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். 70க்கு வந்தபோது தானாக அடங்கியது.

ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் நின்றதும் டிரெய்லரைக் கழற்றி முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது. 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லரின் முன்பாரம் பத்துக் கிலோகூட இல்லை. அங்கேயே பாதிச் சாமானை இறக்கி, ஃப்ரிட்ஜை அச்சுக்கு மேல், கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டினோம். மிச்ச வழி முழுக்க டிரெய்லர் அசையவே இல்லை. அதே கார், அதே காற்று.

காரணம் எளிது. அச்சுக்குப் பின்னால் பாரம் இருந்தால் டிரெய்லர் ஊசல் குண்டு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் தள்ளினால் திரும்பி வரும்போது மறுபக்கம் இன்னும் கூடுதலாகப் போகும். வேகம் ஏற ஏற இந்த ஆட்டம் அடங்காமல் வளரும். முன்பாரம் போதுமான அளவு இருந்தால் ஆட்டம் தொடங்கினாலும் தானாகத் தணிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் அளவு, டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். அங்கே டிரெய்லர்களின் அமைப்பு வேறு, வேக வரம்பும் பல நாடுகளில் குறைவு. இங்கே ஓட்டும்போது இங்குள்ள அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். குளியலறை எடை மெஷினைக் கப்ளிங்குக்கு நேர் கீழே வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளிங்கை அதில் இறக்குங்கள். காரில் மாட்டியிருக்கும்போது கப்ளிங் எந்த உயரத்தில் இருக்குமோ, அதே உயரத்தில் இருக்க வேண்டும். முன் சிறு சக்கரம் தரையில் படக்கூடாது. மெஷினின் அதிகபட்ச அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும்; காலி டிரெய்லரை அளந்து பயனில்லை.

முன்பாரம் அதிகமானாலும் ஆபத்துதான், அதிலும் வேகனுக்கு. பின்சக்கரத்துக்கும் உருண்டைக்கும் நடுவே என் வண்டியில் சுமார் 1.2 மீட்டர் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.745 மீட்டர். சீசா பலகை விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையில் 100 கிலோ அழுத்தினால் முன்சக்கரங்களில் 44 கிலோ குறைந்துவிடும், பின்சக்கரங்களில் 144 கிலோ கூடிவிடும். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் பெரும்பாலும் முன்சக்கரங்களின் வேலை. அவை லேசானால் மழைநாளில் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. இரவில் எதிரே வருபவர் கண்ணில் உங்கள் ஹெட்லைட் அடிக்கும். பின் டயர்களின் காற்றழுத்தத்தைக் கையேட்டில் முழுச் சுமைக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.

இப்போது மாட்டும் வேலை. நீங்களே மாட்டலாமா என்று கேட்டீர்கள். இரும்பை மாட்டுவது, கை பழகியவருக்கு ஒரு நாள் வேலை. பின் பம்பரைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும், பல மாடல்களில் டோபார் அதன் இடத்திலேயே உட்காரும். டோபாரின் இரண்டு கைகளும் காரின் அடிச்சட்டத்துக்குள் நுழையும். துளைகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். துளை போட வேண்டியிருந்தால், வெட்டிய விளிம்பைத் தேய்த்து, துரு பிடிக்காத பெயின்ட் அடித்த பிறகே போல்ட் போடுங்கள். போல்ட்டுகளை டோபாரின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்க வேண்டும். கை அழுத்தத்தை நம்பாதீர்கள். முதல் முறை பாரம் இழுத்துவிட்டு வந்ததும் கீழே படுத்து எல்லா போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டோபாரோ, காரோடு வந்த பழைய டோபாரோ என்றால் அதில் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்தவர் பெயர், எவ்வளவு தாங்கும், எந்த மாடலுக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தகடு இல்லாத டோபாரை நான் தொடமாட்டேன். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருண்டையின் அளவும் முக்கியம். இங்கே 50 மில்லிமீட்டர். அமெரிக்கப் பொருள்களில் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர் வரும். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது.

வயரிங்கைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பழைய கார்களில் பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டினால் போதும். இப்போதைய கார்களில் ஒரு விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைக்கூட கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மாடலுக்கென்று வரும் மாட்யூல் என்கிற சின்ன மின்னணுப் பெட்டி இல்லாமல் இணைத்தால் தவறான எச்சரிக்கைகள் வரும், சில சமயம் கன்ட்ரோல் யூனிட்டே போய்விடும். இங்குள்ள 7 பின் பிளக்கில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பு பின்விளக்கு, கறுப்பு ரிவர்ஸ், நீலம் டிரெய்லர் பிரேக், வெள்ளை எர்த். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மினுக்கினால் முதலில் அந்த வெள்ளை வயரைப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை அதுதான் கோளாறு.

உங்கள் டிரெய்லர் 1400 கிலோ என்பதால் அதற்குத் தனி பிரேக் இருந்தாக வேண்டும். 750 கிலோ வரைதான் பிரேக் இல்லாமல் அனுமதி. கேம்பரில் மின்சார பிரேக் இருந்தால் காருக்குள் ஒரு கன்ட்ரோலர் பொருத்த வேண்டும். அதையும் வயரிங்கோடு சேர்த்தே செய்துவிடுங்கள். கையால் அழுத்தும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் கார் பிரேக்கைத் தொடாமல் அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். லிட்டில் ரிவரில் என்னிடம் அது இருந்திருந்தால் மகள் அழுதிருக்க மாட்டாள்.

சங்கிலியை இரண்டு பக்கமும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளிங் கழன்றுகொண்டால் டிரெய்லரின் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழும். திரும்பும்போது இறுகாத அளவு தளர்வு போதும், தரையில் உரசக் கூடாது. ஷேக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். டிரெய்லர் இல்லாத நாள்களில் உருண்டையோடு இருக்கும் நாக்கைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். நம்பர் பிளேட்டை மறைத்தால் அபராதம். பார்க்கிங்கில் யாராவது முழங்காலை இடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

மண் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, எல்லோரும் தவறு செய்யும் இடம் அது. 6க்கு 4 அடி பெட்டி டிரெய்லர், மொத்தம் 750 கிலோ என்றால், டிரெய்லரின் சொந்த எடை போக சுமார் 500 கிலோ ஏற்றலாம். ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் வரும். கணக்குப் போட்டால் 15 சென்டிமீட்டர் உயரம்தான், ஒரு சாண்கூட இல்லை. பெட்டி காலியாகத் தெரிகிறதே என்று விளிம்பு வரை நிரப்புகிறார்கள். அப்படி வருபவரைப் பார்த்தால் நான் தூரத்திலேயே லேன் மாறிவிடுவேன்.

சரி, உங்கள் கேம்பருக்கு வருகிறேன். 1400 கிலோவுக்கு முன்பாரம் 140. கையேடு அதை அனுமதித்தாலும் கணக்கு அங்கே முடியவில்லை, ஏனென்றால் அந்த 140 கிலோவும் கார் சுமக்கும் பாரத்தில் சேரும். என் வண்டியைப் போன்ற வேகனில் ஆள்களும் சாமானும் சேர்த்து ஏற்றக்கூடியது சுமார் 450 கிலோ. நீங்கள் இருவரும் மூன்று பிள்ளைகளுமாக 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்பாரம் 140. டோபாரின் இரும்பே ஒரு 30 கிலோ. மொத்தம் 410. டிக்கியில் வைக்க மிச்சம் 40 கிலோ. ஒரு ஐஸ் பெட்டியும் இரண்டு பைகளும் வைத்தால் தீர்ந்தது, கூரையில் சைக்கிளுக்கு இடமே இல்லை. அதை டிரெய்லரில் வைக்கலாம் என்றால், விற்பவர் சொல்லும் 1400 காலி எடையா, சாமானோடு சேர்த்த எடையா என்று முதலில் கேளுங்கள். காலி எடை என்றால் அந்தக் கேம்பர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

சாமானோடு சேர்த்து 1100 கிலோவுக்குள் வரும் கேம்பராகத் தேடுங்கள். முன்பாரம் 110ஆகக் குறையும், பிள்ளைகள் வளர வளரக் கூடும் எடைக்கும் இடம் இருக்கும். வாங்குவதற்கு முன் சாமானோடு ஒரு வெய்பிரிட்ஜில் (வண்டிகளை எடை போடும் மேடை) காரையும் டிரெய்லரையும் சேர்த்தும், தனித்தனியாகவும் நிறுத்திப் பாருங்கள். அந்தச் சீட்டையும் உங்கள் கார் மாடல், வருடத்தையும் இங்கே போட்டால் நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.