குதிரைக்கு மட்டும் தனி ஆள்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். மர செஸ் செட் சேர்ப்பவன். ஆன்லைனில் வாங்கியது மூன்று இருக்கிறது. தோட்டத்தில் சாய்ந்த புளியமரத்தின் வைரத்துண்டு (உறுதியான நடுமரம்) ஒன்று பல வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. அதில் பழைய ஸ்டான்டன் மாதிரி ஒரு செட் செய்ய ஆசை. தருமபுரியில் கட்டில் கால் கடைகிறவர் ‘செஞ்சிடலாம்’ என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? கறுப்புக்குக் கருங்காலிதான் சரி என்கிறார்களே? வெள்ளைக்கு எந்த மரம்? செய்து முடித்தபின் நூறு வருடப் பழசு போலக் காட்ட வழி உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கொடுங்கள். அந்த வடிவமே கடைசல்காரருக்குத் தோதானது. 1849-ல் நதானியல் குக் என்பவர் பதிவு செய்தது அது. லண்டன் ஜாக்ஸ் கம்பெனி செய்து விற்றது. ஹோவர்ட் ஸ்டான்டன் அன்றைய பெரிய ஆட்டக்காரர். பெயரைக் கொடுத்தார், அவ்வளவுதான். அதற்கு முன் புழங்கிய செட்டுகள் பலவும் ஒடிசலாக, கை பட்டால் சாய்கிறவை. எது ராணி, எது மந்திரி என்று ஆட்டத்தின் நடுவே குழப்பம் வரும்.

ஒரு செட்டில் 32 காய். அதில் 28 உருண்டைக் கடைசல்தான். கடைந்த பிறகு மந்திரி தலையில் ரம்பத்தால் சாய்வாக ஒரு வெட்டு, யானைக்குக் கோட்டைப் பல், ராணி கிரீடத்துக்கு அரத்தால் பள்ளம், ராஜா தலையில் சிலுவை. கட்டில் காலில் குடமும் வளையமும் எடுக்கிற கைக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. சிப்பாய்தான் சோதனை. பதினாறும் ஒரே அச்சாக வர வேண்டும். கண்ணளவில் விட்டுவிடாமல், தகரத்தில் பாதி உருவத்தை வெட்டிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீதி நாலும் குதிரை. அது கடைசலில் வராது, கையால் செதுக்க வேண்டும். இன்று செஸ் செட்டுக்குப் பேர்போன அமிர்தசரஸ் பட்டறைகளிலும் குதிரை செதுக்குகிறவர் தனி ஆள். ஒரு செட் நல்லதா சுமாரா என்று நான் பார்ப்பது குதிரையை வைத்துத்தான்: தாடை, மூக்குத்துவாரம், பிடரி மயிர். அடியைக் கடைசல்காரர் கடையட்டும், தலையை மட்டும் கதவு, தேர் வேலை செய்யும் மரச்சிற்பி ஒருவரிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று செட்டில் எதன் குதிரை பிடிக்குமோ அதையே மாதிரிக்குக் கொடுங்கள். காசை இங்கே செலவழியுங்கள்.

மரத்துக்கு வருவோம். கருங்காலி அருமையான மரம்தான். ஆனால் கருங்காலி மாலை மோகம் வந்தபிறகு எது மரம், எது சாயம் என்று கடையில் நின்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. போதாததற்கு விரிசலும் விடும். பழைய ஜாக்ஸ் செட்டுகளிலேயே கறுப்புக் காய்களில் கீறல் பார்க்கலாம். கையில் புளிய வைரம் இருக்கும்போது அது எதற்கு? கரும்பழுப்பாக, கனமாக இருக்கும். வெளுத்த வெளிப்பகுதியை மட்டும் சேர்க்க விடாதீர்கள், வண்டு அரிக்கும். உளி அடிக்கடி மழுங்கும், அவர் கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம்.

வெள்ளைக்கு வெட்பாலை. கர்நாடகத்துச் சன்னபட்ணா மரப்பொம்மைகள் காலங்காலமாக இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. வெளிர் நிறம், நெருக்கமான இழை. காட்டில் போய் வெட்டாமல் ரசீதோடு விற்கிற மரமாக வாங்குங்கள். புளி காய்ந்து கிடக்கிறது, கவலையில்லை. வெட்பாலை ஈரமாக வந்தால் அவசரப்படக் கூடாது. பச்சை மரத்தில் கடைந்தால் காயக் காய வட்டம் நீள்வட்டமாகும், அடி வளையும், காய் பலகையில் ஆடும். முதலில் பருமனாகக் கடைந்து நிழலில் சில மாதம் போட்டுவிட்டு, அப்புறம் அளவுக்குக் கடையச் சொல்லுங்கள்.

பழசாக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. டீ டிகாக்‌ஷன் பூசுகிறார்கள், ஆசிட் வைக்கிறார்கள், வேண்டுமென்றே நசுக்குகிறார்கள். நீங்கள் விற்கப் போவதில்லையே, யாரை ஏமாற்ற? புளியின் நிறம் போதாது, இன்னும் கறுப்பு வேண்டும் என்றால் அது நியாயம். கடுக்காய் ஊறிய தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரை மேலே தடவுங்கள். கலம்காரித் துணியில் கறுப்பு ஏறுவதும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான். ஒரு துண்டு மரத்தில் சோதித்துவிட்டுக் காயில் கை வையுங்கள். அதன்மேல் அரக்குப் பாலிஷ் மெல்லிசாக இரண்டு கை போதும்.

கனம் முக்கியம். அந்தக் காலத்தில் அடியில் ஈயம் வைத்தார்கள். வீட்டில் ஈயம் உருக்கும் விஷப்பரீட்சை வேண்டாம். அடியில் துளை போட்டு, சைக்கிள் கடை பால்ஸ் நிரப்பி, எம்-சீல் வைத்து மூடி, பச்சை ஃபெல்ட் துணி ஒட்டிவிடுங்கள்.

பலகையைக் கடைசியில் வாங்குங்கள். உலகச் செஸ் அமைப்பான ஃபிடே சொல்லும் அளவில் ராஜா உயரம் சுமார் 9.5 செ.மீ., அடி விட்டம் அதில் 40 முதல் 50 சதவீதம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. கைவேலையில் காய் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ராஜாவின் அடி கட்டத்தின் முக்கால் அகலத்துக்கு இருக்கிற பலகையாகப் பார்த்து எடுங்கள்.