சிறையில் மாத்திரை தராததால் வலிப்பு வந்தது: வழக்கு போடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு நோய், தினமும் இரண்டு வேளை எபிலிம் என்ற வலிப்பு மாத்திரை. தண்டனை ஆனபிறகு வேறு சிறைக்கு மாற்றினார்கள். புது இடத்தில் ஒன்பது நாள் மாத்திரை இல்லை, பத்தாம் நாள் வலிப்பு வந்து விழுந்து காறை எலும்பு முறிந்தது. நாலரை மாதம் ஆகிவிட்டது. நர்ஸ் பேசிய பேச்சு, நிறம் மாறி வந்த மாத்திரை, பதில் போடாத அதிகாரிகள், அம்மாவின் அழுகை என்று மூன்று பக்கம். கடைசியில் ஒரு வரி: மனசு கேட்காமல் ஒரு வார்டர் மூலம் இரண்டு தடவை மாத்திரை கொடுத்தனுப்பினோம்.

அக்கா, மூன்று பக்கத்தையும் படித்தேன், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வழக்கு நிற்பது ஒரே இடத்தில்தான். அந்த ஒன்பது நாளுக்கு தம்பியின் மருந்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

நர்ஸ் மரியாதையில்லாமல் பேசியதற்கு நஷ்டஈடு கிடைக்காது. மாத்திரையின் நிறம் மாறினால் தப்பு என்றும் இல்லை, அரசு வாங்குவது பெரும்பாலும் ஜெனரிக்தான், அதாவது அதே மருந்து வேறு கம்பெனியில் செய்தது. உங்கள் மன உளைச்சலும் அம்மாவுடையதும் தனி வழக்காகாது. வழக்காளி தம்பிதான், எல்லாத் தாளிலும் அவர் கையெழுத்துதான் வேண்டும்.

உரிமையைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அரசியல் சாசனம் 35(2)(e) கைதிக்கு அரசு செலவில் போதுமான மருத்துவம் உண்டு என்கிறது. சிறை மாற்றும்போது மருத்துவக் கோப்பும் கூடவே போகவேண்டும் என்று கைதிகளுக்கான ஐ.நா.வின் மண்டேலா விதிகளும் சொல்கின்றன. பல சிறைகளில் மருந்தாளரே கிடையாது, வேறிடத்திலிருந்து வந்த மருந்தை நர்ஸ்தான் கொடுப்பார். அப்படியிருந்தும் யாருக்கு, எந்த மருந்து, எந்த வேளை என்று பதிவு இருந்தாகவேண்டும். அந்த ஒன்பது நாள் கட்டங்கள் காலியாக இருந்தால் உங்கள் கை ஓங்கும். ‘மறுத்தார்’ என்று எழுதி தம்பியின் கையெழுத்தும் இருந்தால் கதை வேறு. அதனால் அந்தப் பதிவேட்டின் நகல் கேட்டு தகவல் மனுவை இந்த வாரமே போடுங்கள்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன், அந்தக் கடைசி வரி.

எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? அந்த ஒன்பது நாளுக்குள்ளா, வலிப்பு வந்த பிறகா? அந்த ஒன்பது நாளுக்குள் என்றால் அரசுத் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, ‘வீட்டிலிருந்து மாத்திரை வந்திருக்கிறதே, அப்புறம் மாத்திரை இல்லாமல்தான் வலிப்பு வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்பதாக இருக்கும். தப்பையும் பாதிப்பையும் இணைக்கும் இந்தக் கண்ணியில்தான் நம் ஊர் வழக்குகள் அறுந்துபோகின்றன. போல்ஸ்மூர் சிறையில் காசநோய் வந்த டட்லி லீ 2012இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஜெயித்தார், அதுவும் 5க்கு 4 நீதிபதிகள் என்ற கணக்கில். அதற்கு முன் மேல்முறையீட்டில் தோற்றது சிறையின் கவனக்குறைவு நிரூபணமாகாததால் அல்ல. அந்தக் கவனக்குறைவால்தான் நோய் வந்தது என்று காட்ட முடியாததால் தோற்றார்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம் இதே மாதிரி பாசத்தில் மகனுக்கு சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்தனுப்பியது. அறைச் சோதனையில் அது கிடைத்தது, பதிவேட்டில் ஏறியது. எங்கள் வழக்கை அந்த ஒற்றைப் பக்கமே முடித்துவிட்டது. மகனுக்கு உள்ளே ஒழுங்கு நடவடிக்கை, அம்மா மேல் போலீஸ் புகார். அனுமதியில்லாமல் கைதிக்குப் பொருள் கொடுப்பது குற்றம், அது மருந்தாக இருந்தாலும் சரி. வார்டருக்குப் பணம் கொடுத்திருந்தால் லஞ்சமும் சேரும். இன்றோடு நிறுத்துங்கள். இதை வாட்ஸ்அப்பில் யாரிடமும் பேசவேண்டாம், நேரில் உங்கள் வக்கீலிடம் மட்டும் முழு உண்மையையும் சொல்லுங்கள். பிரமாண வாக்குமூலத்தில் மறைக்கவும் கூடாது.

இப்போதும் மாத்திரை ஒழுங்காக வரவில்லை என்றால் நேர்வழி இருக்கிறது. உங்கள் செலவில் வெளி மருத்துவர் உள்ளே போய்ப் பார்க்கலாம், சிறைத் தலைவர் அனுமதித்தால் சிகிச்சையும் தரலாம். அதுவும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அவசர மனு போடலாம். வெஸ்ட்வில் சிறைக் கைதிகள் எச்ஐவி மருந்துக்காக 2006இல் டர்பனில் அப்படித்தான் உத்தரவு வாங்கினார்கள்.

கெடு: சம்பவத்திலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கு போடப்போகிறோம் என்ற எழுத்து நோட்டீஸ் சிறைத் துறையின் தேசிய ஆணையருக்குப் போகவேண்டும். உங்களுக்கு மீதி இருப்பது ஆறு வாரம். சிறை ஆய்வு நீதிபதி அலுவலகத்தில் கொடுத்த புகார் நோட்டீஸ் ஆகாது, அதன் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் அதற்கே தனி மனு, தனிச் செலவு.

அப்புறம், பேசி முடிக்கப் பாருங்கள். எலும்பு கூடிவிட்டது, நிரந்தரக் குறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும் தொகை பெரிதாக இருக்காது, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தம்பி தலையில் விழும். நோட்டீஸ் போன பிறகு மருத்துவச் செலவு, ஒரு நியாயமான தொகை, எழுத்தில் மருந்து உத்தரவாதம் என்று பேச்சு வந்தால் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது தகவல் மனுவின் சம்மதத் தாளைக் கொண்டுபோய் தம்பியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.